'அப்பா கையெழுத்து எங்கேம்மா?' - வீட்டுத் துணை இல்லாமல் காலேஜ் ஃபீஸ் கட்டுவது எப்படி?

18 வயசு ஆயிட்டா ஓட்டுப் போடலாம். பேங்க்ல தனியா அக்கவுன்ட் வெச்சுக்கலாம். லைசென்ஸ் எடுக்கலாம். ஆனா காலேஜ் அட்மிஷன் ஃபார்மைக் கையில் எடுத்துட்டா, நாம இன்னமும் யாரோ ஒருத்தரோட பிள்ளைதான். 'தந்தை / பாதுகாவலர் கையெழுத்து', 'பெற்றோரின் ஆண்டு வருமானம்', 'பெற்றோர் செல்போன் எண்'னு கட்டம் கட்டமா கேள்வி வந்துக்கிட்டே இருக்கும்.

பெற்றோர் கையில் காசு இல்லைன்னா அது ஒரு கஷ்டம். பெற்றோரே இல்லைன்னா, இருந்தும் பேச்சுவார்த்தை இல்லைன்னா, 'படிச்சதெல்லாம் போதும்'னு அவங்க கைவிரிச்சுட்டா... அது வேற மாதிரியான கஷ்டம். அங்கே பணத்துக்கு முன்னாடி பேப்பரே ஒரு சுவரா வந்து நிற்கும்.

ஒரு பொண்ணைக் கற்பனை பண்ணிக்குவோம். அரசுப் பள்ளியில் தமிழ் மீடியம். பிளஸ் டூ-ல நல்ல மார்க். ரிசல்ட் வந்த வாரமே வீட்டுல மாப்பிள்ளை பார்க்க ஆரம்பிச்சுட்டாங்க. பொண்ணு பையை எடுத்துக்கிட்டு சென்னைக்கு பஸ் ஏறிடுச்சு. இப்போ ஒரு துணிக்கடையில் நாள் முழுக்க நின்னுக்கிட்டே சேலை விரிச்சுக் காட்டுது. கையில் சம்பளம் இருக்கு, படிக்கணும்னு ஆசை இருக்கு, வீட்டுக்கு போன் பண்ற தைரியம் மட்டும் இல்லை. இந்தப் பொண்ணு காலேஜ் போக முடியுமா?

முடியும். ஆனா, உதவித் திட்டங்களை எல்லாரும் பார்க்கிற மாதிரி பார்க்கக் கூடாது. 'எவ்வளவு தருவாங்க?'ங்கிறது இரண்டாவது கேள்வி. 'யாரோட பேப்பர் கேட்பாங்க?'ங்கிறதுதான் முதல் கேள்வி. அந்த வரிசையிலேயே பார்ப்போம்.

முதல்ல பேப்பர்

கோபத்துல வீட்டை விட்டுக் கிளம்புறவங்க சர்டிஃபிகேட் ஃபைலை எடுத்துட்டு வர்றதில்லை. பதற வேண்டாம், பலதை மீட்டுடலாம். பிளஸ் டூ மதிப்பெண் சான்றிதழை டிஜிலாக்கரில் பாருங்க. சாதிச் சான்றிதழ் இ-சேவை மூலமா வாங்கினதா இருந்தா, அது டிஜிட்டல் கையெழுத்து போட்ட ஆவணம், விண்ணப்ப எண் இருந்தா திரும்ப டவுன்லோடு பண்ணிக்கலாம். டி.சி கொடுக்கிறது பள்ளிதான். அதனால படிச்ச பள்ளியின் தலைமை ஆசிரியரிடம் நேர்ல போய் நிலைமையைச் சொல்லுங்க. அப்படியே உங்க 'எமிஸ்' எண்ணையும் கேட்டு வாங்கி வெச்சுக்கோங்க. நீங்க அரசுப் பள்ளியில் படிச்சதுக்கு அதுதான் சாட்சி.

அடுத்து, ஆதாரில் இருக்கிற மொபைல் நம்பர் அப்பாவோடதா இருந்தா, ஆதார் மையத்துக்குப் போய் உங்க நம்பருக்கு மாத்துங்க. ஓ.டி.பி எல்லாம் வீட்டுக்குப் போயிட்டிருந்தா ஒரு விண்ணப்பம்கூட நகராது. உங்க பெயரில் மட்டும் ஒரு பேங்க் அக்கவுன்ட் திறந்து, அதை ஆதாரோடு இணைச்சுடுங்க. அரசு உதவித்தொகை எல்லாம் அந்த அக்கவுன்ட்டுக்குத்தான் வரும்.

ஃபீஸே கம்மியான இடம்

ஸ்காலர்ஷிப் தேடுறதுக்கு முன்னாடி, ஸ்காலர்ஷிப் தேவையே படாத காலேஜ் இருக்கான்னு பாருங்க. தமிழ்நாட்டு அரசு கலை அறிவியல் கல்லூரிகளில் இளநிலைப் படிப்புக்கு டியூஷன் ஃபீஸ் கிடையாது. மற்ற கட்டணங்களைச் சேர்த்தாலும் வருஷத்துக்குச் சில ஆயிரங்களில் முடிஞ்சுடும். எல்லா அரசுக் கல்லூரிகளுக்கும் சேர்த்து ஆன்லைன்லயே விண்ணப்பிக்கலாம். சில கல்லூரிகளில் ஷிஃப்ட் முறை இருக்கு. காலை ஷிஃப்ட் கிடைச்சா மதியத்துக்கு மேல வேலைக்குப் போகலாம்.

வேலையை விடவே முடியாதுன்னா தொலைநிலைக் கல்வி. சென்னை சைதாப்பேட்டையில் இருக்கிற தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம், மத்திய அரசின் இக்னோ ரெண்டும் நல்ல வாசல்கள். யு.ஜி.சி அங்கீகாரம் பெற்ற தொலைநிலைப் படிப்பு, நேரடிப் படிப்புக்குச் சமம்தான். பத்தாவது, பிளஸ் டூ, டிகிரி என்ற வரிசை மட்டும் மாறாம இருக்கணும், அரசு வேலைக்கு அதைத்தான் பார்ப்பாங்க. கணக்கு நல்லா வரும்னா, சென்னை ஐ.ஐ.டி-யின் ஆன்லைன் பி.எஸ் டேட்டா சயின்ஸ் படிப்பையும் பாருங்க. அந்தந்த டேர்ம்ல எத்தனை பாடம் எடுக்கிறீங்களோ அதுக்கு மட்டும் பணம் கட்டினா போதும். குடும்ப வருமானத்தைப் பொறுத்து 75% வரை கட்டணச் சலுகையும் உண்டு.

அப்பா வருமானத்தைக் கேட்காத பணம்

நம்ம பொண்ணுக்கு ரொம்ப முக்கியமான பகுதி இது.

2022 செப்டம்பர் 5-ம் தேதி தொடங்கின 'புதுமைப் பெண்' திட்டத்துல, அரசுப் பள்ளியில் 6 முதல் 12-ம் வகுப்பு வரை படிச்ச மாணவிகளுக்கு, டிகிரி, டிப்ளமோ, ஐ.டி.ஐ முடிக்கிற வரை மாசம் 1,000 ரூபாய். வருமான வரம்பு கிடையாது. அப்பா என்ன சம்பாதிக்கிறார்னு இந்தத் திட்டம் கேட்கிறதே இல்லை, நீங்க எந்தப் பள்ளியில் படிச்சீங்கன்னுதான் கேட்குது. 2024 டிசம்பர்ல அரசு உதவி பெறும் பள்ளிகளின் தமிழ் மீடியம் மாணவிகளுக்கும் விரிவாக்கினாங்க. பசங்களுக்கு இதே மாதிரி 'தமிழ்ப் புதல்வன்', 2024 ஆகஸ்ட்ல வந்தது. ரெண்டுக்கும் காலேஜ் மூலமாத்தான் விண்ணப்பிக்கணும். ஆனா தொலைநிலைக் கல்விக்கு இந்தப் பணம் கிடையாது. அதனால 'ரெகுலரா, தொலைநிலையா?'ன்னு முடிவு பண்றப்போ இந்த 1,000 ரூபாயையும் கணக்கில் சேர்த்துக்கோங்க.

இன்ஜினீயரிங், சட்டம், வேளாண்மை, கால்நடை மருத்துவம் மாதிரியான தொழிற்படிப்புகளில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5% இட ஒதுக்கீடு இருக்கு. அதுல சீட் கிடைச்சா டியூஷன் ஃபீஸ், ஹாஸ்டல் ஃபீஸ் ரெண்டையும் அரசே கட்டிடும். மேனேஜ்மென்ட் கோட்டாவில் சேர்ந்துட்டா இந்தச் சலுகை இல்லை, கவுன்சலிங் வழியா வரணும்.

குடும்பத்துல முதல் பட்டதாரியா நீங்க? அப்போ கவுன்சலிங் சீட்டுக்கு ஃபீஸ்ல ஒரு பகுதி குறையும். இதுவும் வருமானம் பார்க்காது. சான்றிதழுக்கு இ-சேவையில் விண்ணப்பிக்கலாம். ஆனா உறுதிமொழிப் படிவத்தில் பெற்றோர் அல்லது பாதுகாவலர் கையெழுத்து கேட்பாங்க. பேசக்கூடிய ஒரு சொந்தக்காரராவது இருந்தா, அந்த உறவை இந்த ஒரு விஷயத்துக்காகவாவது பத்திரமா வெச்சுக்கோங்க.

வருமானச் சான்று கேட்கிற பணம்

எஸ்.சி, எஸ்.டி மாணவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் ஸ்காலர்ஷிப்புக்குக் குடும்ப வருமானம் ஆண்டுக்கு 2.5 லட்சத்துக்குள் இருக்கணும். பிளஸ் டூ-ல போர்டு அளவில் முதல் 20 சதவிகிதத்துக்குள் வந்தவங்களுக்கு மத்திய அரசு, டிகிரி படிக்கிற வரை வருஷத்துக்கு 12,000 ரூபாய் தருது, வரம்பு 4.5 லட்சம். இதை நேஷனல் ஸ்காலர்ஷிப் போர்ட்டலில் விண்ணப்பிக்கணும். அரசு மாணவர் விடுதிகளில் தங்குறதும் சாப்பாடும் இலவசம். சென்னைப் பல்கலைக்கழகத்தின் இலவசக் கல்வித் திட்டத்துல ஆதரவற்ற மாணவர்களுக்கும் முதல் பட்டதாரிகளுக்கும் முன்னுரிமை உண்டு.

இதுக்கெல்லாம் வருமானச் சான்றிதழ் வேணும், தனியா வாழ்றவங்க தடுக்கி விழுற இடமும் இதுதான். நீங்க தனியா சம்பாதிச்சாலும், கல்யாணம் ஆகாத மாணவருக்குப் பெற்றோர் வருமானத்தைத்தான் பார்ப்பாங்க. 'அப்பா இல்லை'ன்னு பொய் எழுதாதீங்க, பின்னால் மாட்டிக்கிட்டா உதவித்தொகையே ரத்தாகும். அப்பாவோட உண்மையான வருமானமே வரம்புக்குள் இருக்கலாம். பல குடும்பங்களில் அப்படித்தான் இருக்கும். இ-சேவையில் உங்க பெயரில் விண்ணப்பிச்சு, நிலைமையை வி.ஏ.ஓ-கிட்ட வாயாலும் சொல்லுங்க, எழுதியும் கொடுங்க. இழுத்தடிச்சா கலெக்டர் ஆபீஸ்ல திங்கள்கிழமை நடக்கிற மக்கள் குறைதீர் கூட்டத்துல மனு கொடுங்க. வரிசையில் நிற்கிறதில் வெட்கப்பட ஒண்ணுமே இல்லை.

குழந்தைகள் இல்லத்துல வளர்ந்து 18 வயசுல வெளியே வந்தவங்களுக்கு, சிறார் நீதிச் சட்டத்திலேயே 'பின்தொடர் பராமரிப்பு'ன்னு பண உதவிக்கு இடம் இருக்கு. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலகத்தைக் கேளுங்க. வீட்டை விட்டு வெளியேற்றப்பட்ட திருநர் மாணவர்களின் கல்லூரிச் செலவு முழுவதையும் ஏற்பதா தமிழக அரசு 2024-25 பட்ஜெட்டில் அறிவிச்சிருக்கு. சேர்கிற கல்லூரியில் இதைக் கட்டாயம் கேளுங்க.

கடன் கடைசியில்

கல்விக் கடன்ல 4 லட்சம் வரை ஈடு கேட்க மாட்டாங்க. ஆனா பெற்றோரோ பாதுகாவலரோ இணைக் கடன்தாரரா கையெழுத்துப் போடணும். கல்யாணம் ஆனவங்களுக்குக் கணவரோ மனைவியோ, மாமனார் மாமியாரோ போடலாம். காதல் கல்யாணம் பண்ணிட்டு வீட்டோடு தொடர்பு இல்லாம இருக்கிறவங்க இதைக் குறிச்சு வெச்சுக்கோங்க. 2024 நவம்பர்ல மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்த 'பி.எம் வித்யாலக்ஷ்மி' திட்டத்துல ஈடும் ஜாமீனும் இல்லாம கடன் உண்டு. ஆனா அது தரவரிசையில் முன்னால் இருக்கிற, தேர்ந்தெடுத்த கல்வி நிறுவனங்களுக்கு மட்டும்தான்.

ஒரு சின்னக் கணக்கு. வருஷம் 1 லட்சம் வீதம் 3 வருஷத்துக்கு 10% வட்டியில் கடன் வாங்குறீங்க. படிப்பு முடிஞ்சு ஒரு வருஷம் வரை தவணை இல்லை. ஆனா வட்டி ஓடிக்கிட்டேதான் இருக்கும். முதல் லட்சத்துக்கு 40,000, அடுத்ததுக்கு 30,000, கடைசி லட்சத்துக்கு 20,000. தவணை தொடங்குறப்போ 3 லட்சம் 3.9 லட்சமா நிற்கும். 7 வருஷத்துல அடைக்கணும்னா மாசம் சுமார் 6,500 ரூபாய், மொத்தம் 5.4 லட்சம் ரூபாய்க்கு மேல. முதல் சம்பளம் 15,000-ன்னா, அதுல கிட்டத்தட்ட பாதி போயிடும். அதனாலதான் கடனைக் கடைசியில் வெச்சேன். படிக்கிறப்பவே மாசாமாசம் வட்டியை மட்டும் கட்ட முடிஞ்சா கட்டிடுங்க. அசல் வீங்காது, அதுக்கு வட்டிச் சலுகை தர்ற வங்கிகளும் இருக்கு. 4.5 லட்சத்துக்குள் குடும்ப வருமானம் இருக்கிற தொழிற்படிப்பு மாணவர்களுக்கு, அந்தத் தவணை இல்லாத காலத்து வட்டியை மத்திய அரசே கட்டுற திட்டமும் உண்டு.

செல்போன் ஆப் கடன்ல மட்டும் ஃபீஸ் கட்டவே கட்டாதீங்க. ஆதாரையும் செல்ஃபியையும் மட்டும் வாங்கிட்டு பணம் கொடுக்கிறவன், தவணை தவறினா உங்க கான்டாக்ட் லிஸ்ட்ல இருக்கிற அத்தனை பேருக்கும் போன் அடிப்பான். யார்கிட்டருந்து தள்ளி வந்தீங்களோ, அவங்களுக்கும் அடிப்பான்.

இன்னொரு எச்சரிக்கை. எந்தக் காலேஜும் உங்க ஒரிஜினல் சான்றிதழ்களைப் பிடிச்சு வெச்சுக்கக் கூடாதுன்னு யு.ஜி.சி 2018-லயே சொல்லியிருக்கு. சரிபார்த்துட்டுத் திருப்பிக் கொடுத்துடணும். அட்மிஷன் கடைசி தேதிக்கு 15 நாளுக்கு முன்னாடியே விலகினா முழு ஃபீஸும் திரும்ப வரணும். அதுக்கப்புறம் நாள் ஆக ஆகத் தொகை குறையும். வீட்டில் இன்னொரு செட் பணம் இல்லாதவங்களுக்கு இந்த விதி உயிர்நாடி.

சரி, நம்ம பொண்ணு என்ன பண்ணலாம்?

அரசுக் கல்லூரியில் காலை ஷிஃப்ட்ல ஒரு டிகிரி. டியூஷன் ஃபீஸ் இல்லை. புதுமைப் பெண் 1,000 ரூபாய், 3 வருஷத்துக்குக் கணக்குப் போட்டா 36,000. சான்றிதழ்கள் கைக்கு வந்ததும் அரசு விடுதிக்கு விண்ணப்பம். டவுன் பஸ்ல பெண்களுக்கு டிக்கெட் இல்லை. மதியத்துக்கு மேல, முழு நாள் துணிக்கடைக்குப் பதிலா ஒரு பார்ட் டைம் வேலை. சம்பளம் குறையும், கொஞ்ச நாளைக்குக் கை இறுக்கமாத்தான் இருக்கும். ஆனா கடன் இருக்காது.

எங்கே ஆரம்பிக்கிறதுன்னு தெரியலைன்னா, 14417-க்கு போன் பண்ணுங்க, தமிழக அரசின் கல்வி உதவி எண். இல்லைன்னா, உங்க பிளஸ் டூ டீச்சருக்கு. 'அப்பா கையெழுத்து எங்கேம்மா?'ன்னு கவுன்ட்டர்ல கேட்கிறப்போ பக்கத்துல நிற்க ஒருத்தர் போதும். அது அப்பாவாத்தான் இருக்கணும்னு இல்லை.