ஓடும் ரயிலில் ஆபீஸ்

அப்பாவின் திவசத்துக்குக் கிடைத்த லீவு மூன்றே நாள். டில்லியிலிருந்து சென்னை சுமார் 2,180 கிலோமீட்டர்; தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் இரண்டு இரவு, நடுவே ஒரு முழுப் பகல். போக ஒரு நாள், வர ஒரு நாள் என்று ரயிலே தின்றுவிட்டால் அம்மாவோடு இருப்பது எப்போது? (விமானமா? நான்கு டிக்கெட்டுக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள்!) மேலதிகாரியிடம் கேட்டுக்கொண்டு, மடிக்கணினியோடு ஏறிவிட்டேன்.

இடார்சி தாண்டியதும் சத்புரா மலை. காலைக் கூட்டத்தில் என் குரல் பாதியில் அறுந்தது. அன்பர்களே, பேச வேண்டியதையெல்லாம் நாக்பூருக்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். எழுத்து வேலையை மலையில் முடிக்கலாம். மதியம் மனைவி புளியோதரைப் பொட்டலத்தைப் பிரித்தாள். இன்னும் விசைப்பலகையில் நல்லெண்ணெய் வாசம்!

வாரங்கல் தாண்டும்போது அம்மாவின் போன்.

"எத்தனை நாள்டா இருப்பே?"

"மூணு நாளும் முழுசா இருப்பேம்மா."