உங்களுக்குத் தெரியுமா? ஆமைக்குச் சோறு ஆகாது!

கோலா கங்சாரை ஒட்டி ஓடும் பேரா ஆற்றில் துந்தோங் என்ற ஆற்றாமை வாழ்கிறது. அழியும் நிலையில் உள்ள இனம். ஆற்றின் கீழ்ப்பகுதியில், போத்தா கானானில், வனவிலங்கு இலாகாவான பெர்ஹிலித்தான் இதன் முட்டைகளைப் பொரிக்க வைத்து, குஞ்சுகளை வளர்த்து ஆற்றில் விடுகிறது. காட்டில் இதற்குப் பிடித்தது, கரையோரப் பெரெம்பாங் மரத்திலிருந்து தண்ணீரில் விழும் புளிப்புக் காய். கூடவே இலை, தண்டு, இடையிடையே நத்தை, சிப்பி. 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இதற்கு முழுப் பாதுகாப்பு தருவதால், வீட்டுத் தொட்டியில் வைக்க ஆசைப்பட வேண்டாம்.

உரிமத்தோடு வளர்க்கும் சுல்காட்டா போன்ற தரை ஆமைகளின் கதை வேறு. அவை புல் மேய்பவை. புல்லே முக்கிய உணவு. செம்பருத்தி இலையும் பூவும், முசுக்கொட்டை இலை, முள் நீக்கிய சப்பாத்திக்கள்ளி எல்லாம் தரலாம். பாயாம் கீரையில் உள்ள ஆக்ஸலேட் சுண்ணாம்புச் சத்து உடலில் சேரவிடாது, எப்போதாவது போதும். சுண்ணாம்புச் சத்துக்குக் கூண்டில் ஒரு கணவாய் ஓட்டைப் போட்டுவைத்தால் ஆமை தானே கொறித்துக்கொள்ளும். சோறு, ரொட்டி, பூனைத் தீனி வேண்டவே வேண்டாம், அது எவ்வளவு ஆசையாகத் தின்றாலும் சரி!

தரை ஆமைக் குட்டியின் ஓடு கூம்பு கூம்பாகப் புடைக்கிறதா? தீனியை மட்டும் குறை சொல்லாதீர்கள். வறண்ட காற்று பெரிய காரணம். ஏர்கோன் அறையில் வளர்ப்பவர்கள் கவனிக்கவும். ஆமைக்காகத் தோட்டத்து ஓரம் புல் அறுப்பவர்கள், அங்கே களைக்கொல்லி அடித்திருக்கிறார்களா என்று முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள்.