புளோரோகுயினலோன் மருந்துகள்

சென்ற மழைக்காலத்தில் விடுதி நண்பர் ஒருவர்க்குச் சளி கண்டபோது, எம் மேசையில் எஞ்சிக் கிடந்த சிப்ரோபிளாக்சசின் மாத்திரைகளை அன்போடு எடுத்துக் கொடுத்தோம். அஃது உதவியன்று என்பதை அம்மருந்தின் இயல்பை அறிந்தபின்னரே உணர்ந்தோம். அறிந்தவற்றை அன்பர்க்கு உரைக்கவே ஈண்டு எழுதப் புகுந்தோம்.

இது புளோரோகுயினலோன் என்னும் வகையைச் சார்ந்தது. இவ்வகைக்கு முன்னோடி, 1962-இல் லெஷர் குழுவினர் வெளியிட்ட நாலிடிக்சிக் அமிலம். மலேரியா மருந்தாகிய குளோரோகுயின் செய்யுங்கால் கிடைத்த துணைப்பொருளை ஆராய்ந்ததன் பயனாக அது தோன்றிற்று. பின்னர்ப் புளோரின் அணுவைச் சேர்த்துச் செய்த மருந்துகள் பன்மடங்கு ஆற்றலுடையனவாயின.

இவை தொழிற்படுமாறு யாங்ஙனம்? குடலில் வாழும் எஸ்கெரிக்கியா கோலை என்னும் பாக்டீரியாவின் நீளம் ஏறத்தாழ 2 மைக்ரோமீட்டர். அதனுள் முறுக்குண்டு கிடக்கும் டி.என்.ஏ. இழையோ, நீட்டின் 1 மில்லிமீட்டருக்கும் மிகும். கிருமி பெருகுங்கால் இவ்விழையின் இரு புரிகளும் பிரிதல் வேண்டும். கயிற்றின் புரிகளை ஒருபுறம் பிரித்திழுப்பின் மறுபுறம் முறுக்கேறி இறுகுதலை யாவரும் கண்டிருப்போம். அவ்விறுக்கத்தைத் தீர்ப்பது, 1976-இல் கெல்லர்ட் முதலியோர் கண்டறிந்த டி.என்.ஏ. கைரேஸ் என்னும் நொதி. இஃது இழையை அறுத்து, அவ்வழியே இழையின் மற்றொரு பகுதியைச் செலுத்தி, மீண்டும் ஒட்டுகின்றது. மருந்தோ, அறுத்தபின் ஒட்டவொட்டாது நொதியையும் இழையையும் ஒருங்கே பிணித்துவிடுகின்றது. கிருமியைக் காத்த கருவியே அதனைக் கொல்லும் கருவியாகின்றது.

சிறுநீரகத் தொற்று, பிளேக், ஆந்திராக்ஸ் ஆகியவற்றிற்கு இம்மருந்துகள் உதவுகின்றன. பிற மருந்துகட்கு அடங்காத காசநோய்க்கு லெவோபிளாக்சசினும் மாக்சிபிளாக்சசினும் பயன்படுகின்றன.

சளியை உண்டாக்கும் வைரசுக்குக் கைரேஸ் இல்லை. ஆதலின் மருந்து பற்றுதற்கு அங்கே இடமுமில்லை. எம் நண்பரின் சளி நீங்கியது நாட்கழிந்தமையாலேயன்றி மாத்திரையால் அன்று. பயனின்மையோடு தீங்கும் உண்டு. தசைநாண் அறுதல் குறித்து அமெரிக்க உணவு மருந்து நிருவாகம் 2008-இல் கடுமையான எச்சரிக்கை விடுத்தது.

இதனினும் பெருந்தீங்கு ஒன்றுளது. கைரேஸின் அமைப்பில் சிறு மாறுதல் நேர்ந்த கிருமியை மருந்து எளிதிற் பற்றாது. ஏனையவை மடிய, அது தழைக்கும். டைபாய்டு காய்ச்சலுக்கு ஒருகால் சிறந்த மருந்தாயிருந்த சிப்ரோபிளாக்சசின், இன்று நம் நாட்டில் அந்நோய்க்குப் பெரும்பாலும் பயன்படாமற் போனது இவ்வாறேயாம்.

ஆதலின், மருத்துவர் தந்தாலன்றி இதனை உண்ணாதிருப்போமாக. தருவாராயின், அவர் குறித்த நாள்வரை, பாலோடும் இரும்புச்சத்து மாத்திரையோடும் சேர்க்காது உண்போமாக. எஞ்சியதைப் பிறர்க்கு ஈதல் ஈகையன்று.