பெஞ்சில் அமர்ந்த கேப்டன்

சுனில் சேத்ரியைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் கோல் கணக்கில் தொடங்கி அங்கேயே முடிந்துவிடுகிறது. 2005 ஜூன் 12 அன்று குவெட்டாவில் பாகிஸ்தானுக்கு எதிராக முதல் சர்வதேச ஆட்டம், அதிலேயே முதல் கோல். 2024 ஜூன் 6 அன்று கொல்கத்தா சால்ட் லேக் மைதானத்தில் குவைத்துடன் ஆடி விடைபெற்றபோது 151 ஆட்டங்கள், 94 கோல்கள். இந்தியக் கால்பந்தில் இன்னொருவர் இந்தக் கணக்கை நெருங்க வெகுகாலம் ஆகும். ஆனால் அருகில் நின்று ஆடியவர்களுக்கு அவர் என்னவாக இருந்தார் என்பதை இந்த எண்கள் சொல்வதில்லை. அதைத் தெரிந்துகொள்ள, அவர் கோல்களைக் குவித்த ஆண்டுகளை விட்டுவிட்டு, பெங்களூரு எஃப்.சி.யின் முதல் பதினொருவரில் இடம் கிடைக்காமல் இருந்த 2022-23 பருவத்தைப் பார்க்க வேண்டும். மூத்த ஆட்டக்காரரின் தொழில்நேர்த்தி அவருடைய இடம் உறுதியாக இருக்கும்வரை சோதனைக்கே வருவதில்லை. இடம் பறிபோகும் நாளில் அவர் எப்படி நடந்துகொள்கிறார் என்பதில்தான் அணி அவரிடமிருந்து எதைக் கற்கும் என்பது தீர்மானமாகிறது. சேத்ரி தன் சக வீரர்களுக்கு விட்டுச்சென்ற மிகப் பெரிய சொத்து, பெஞ்சில் அமர்ந்திருந்த அந்தச் சில மாதங்கள் என்றே நான் நினைக்கிறேன்.

அந்தப் பருவம் பெங்களூருக்கு நன்றாகத்தான் தொடங்கியது. 2022 செப்டம்பரில் மும்பை சிட்டியை 2-1 என வீழ்த்தி டுரண்ட் கோப்பையை வென்றார்கள். இறுதி ஆட்டத்தின் முதல் கோலை அடித்தவர் சிவகங்கை மாவட்டம் கண்டனூரைச் சேர்ந்த 21 வயது சிவசக்தி நாராயணன். ஆனால் இந்தியன் சூப்பர் லீக் (ஐ.எஸ்.எல்.) தொடங்கியதும் அணி தடுமாறியது. தோல்விகள் அடுக்கடுக்காக வந்தன. 38 வயதான சேத்ரியிடமிருந்தும் கோல் வரவில்லை. பயிற்சியாளர் சைமன் கிரேசன், ராய் கிருஷ்ணாவுக்குத் துணையாக சிவசக்தியை முன்களத்தில் இறக்கினார்; நாட்டின் கேப்டன் மாற்று வீரர் ஆனார். அணி லீக் சுற்றின் கடைசி எட்டு ஆட்டங்களையும் வென்றது. பெயரும் புகழும் உள்ள ஒருவர் இந்த நிலையில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டால் அணி இரண்டாகப் பிளக்கும். பத்திரிகைகளுக்குத் தகவல் கசியும், ரசிகர்கள் இளைஞனின் ஒவ்வொரு தவறையும் எண்ணுவார்கள், பயிற்சியாளர் இரண்டாவது தோல்வியிலேயே பின்வாங்குவார். பெங்களூரில் அப்படி எதுவும் நடக்கவில்லை. அது தானாக அமைந்தது என்று சொல்வது மனித இயல்பை அறியாத பேச்சு. பல ஆண்டுகள் நாட்டின் முதல் பெயராக இருந்தவர் பெஞ்சில் அமர ஒப்புக்கொள்வதற்கு மனதளவில் பெரிய பயிற்சி வேண்டும்.

ஒப்புக்கொண்டதோடு நிற்கவில்லை, ஆயத்தமாகவும் இருந்தார். 2023 மார்ச் 3-ல் கண்டீரவா மைதானத்தில் கேரளா பிளாஸ்டர்ஸுடன் பிளே-ஆஃப். மாற்று வீரராக வந்த சேத்ரி, கூடுதல் நேரத்தில் கிடைத்த ஃப்ரீ கிக்கை எதிரணி தடுப்புச் சுவர் அமைக்கும் முன்பே கோலாக்கினார். கோபமடைந்த கேரள அணி மைதானத்தை விட்டே வெளியேறியது. பின்னர் அதற்காக 4 கோடி ரூபாய் அபராதமும் கட்ட நேர்ந்தது. இது விளையாட்டுக்கு அழகா என்று இன்றும் கேட்கிறார்கள். விதி அனுமதிக்கிறது, நடுவர் அனுமதித்தார். விழிப்பாக இருந்தவருக்குக் கோல் கிடைத்தது. நான்கு நாட்கள் கழித்து மும்பையில் அரையிறுதியின் முதல் ஆட்டம். மறுபடியும் மாற்று வீரராக இறங்கி, கார்னரிலிருந்து வந்த பந்தைத் தலையால் முட்டி ஆட்டத்தின் ஒரே கோலை அடித்தார். உயரம் ஐந்தரை அடிதான். பாய்ச்சலும் நேரக் கணிப்பும் அந்தக் குறையை ஈடுசெய்தன. மார்ச் 18-ல் கோவாவில் இறுதிப் போட்டி. தொடங்கிய சில நிமிடங்களிலேயே சிவசக்தி காயமடைந்து வெளியேற, அவருடைய இடத்தில் வந்தவர் சேத்ரி. பெனால்டியில் கோல் அடித்து அணியைச் சமநிலைக்குக் கொண்டுவந்தார். 2-2 என முடிந்த ஆட்டத்தை பெனால்டி ஷூட் அவுட்டில் ஏ.டி.கே. மோகன் பகான் வென்றது. கோப்பை கிடைக்கவில்லை. அந்த ஆண்டின் வளரும் ஆட்டக்காரர் விருது சிவசக்திக்குக் கிடைத்தது.

இதில் சக வீரர்கள் கற்றது என்ன? ஓர் அணியில் இருபத்தைந்து பேர் இருந்தால் களத்தில் தொடங்குகிறவர்கள் பதினொருவர்தான். மீதிப் பேர் ஒவ்வொரு வாரமும் ஏமாற்றத்தோடு பயிற்சிக்கு வருகிறவர்கள். ‘நமக்கு வாய்ப்பு வராது’ என்று அவர்களில் நாலு பேர் கால் தளர்ந்தாலே பயிற்சியின் தரம் சரியும். அது சரிந்தால் முதல் பதினொருவரின் ஆட்டமும் சரியும். நாட்டுக்காக அதிகக் கோல் அடித்தவரே பெஞ்சில் இருந்துகொண்டு அதே தீவிரத்தோடு பயிற்சி செய்கிறார் என்றால், வேறு எவரும் சாக்குச் சொல்ல முடியாது. அறிவுரையால் இந்த ஒழுங்கைக் கொண்டுவர முடியாது. கண்ணெதிரே அன்றாடம் நடந்தால் மட்டுமே வரும். முதல் பதினொருவரில் ஆடும் இளைஞனுக்கோ அது வேறு விதமாக உதவுகிறது. தன் இடத்துக்குப் பின்னால் பொறாமை இல்லை, ஆனால் போட்டி இருக்கிறது என்று அவனுக்குத் தெரிகிறது. இந்த இரண்டும் சேர்ந்த சூழல் இந்திய அணிகளில் அபூர்வம்.

இந்தப் பக்குவம் வெற்றியில் மட்டும் வளர்ந்ததாகத் தெரியவில்லை. 2009-ல் லண்டனின் க்வீன்ஸ் பார்க் ரேஞ்சர்ஸ் அவரை எடுக்க முன்வந்தது; ஃபிஃபா தரவரிசையில் இந்தியா முதல் 70 நாடுகளுக்குள் இல்லை என்பதால் பிரிட்டன் பணி அனுமதி தரவில்லை. 2010-ல் அமெரிக்காவின் கன்சாஸ் சிட்டிக்குப் போனார், அங்கே இடம் நிலைக்கவில்லை. 2012-ல் போர்ச்சுகலின் ஸ்போர்ட்டிங் அணிக்குப் போய், அதன் ‘பி’ அணியில் சில ஆட்டங்களே ஆடித் திரும்பினார். பெஞ்சில் உட்கார்வது எப்படி இருக்கும் என்று அப்போதே தெரிந்தவர். உணவுக் கட்டுப்பாடு, நேரத்துக்கு உறக்கம், இறைச்சியும் பாலும் விட்டது என்று பத்திரிகைகள் அடுக்கும் பழக்கங்கள் எல்லாம் உண்மைதான். உடலை நாற்பது வயது வரை கொண்டுவந்தவை அவை. அணியைத் தூக்கி நிறுத்த அவை மட்டும் போதாது.

இவ்வளவு பெருமையும் பயிற்சியாளருக்குத்தானே சேர வேண்டும் என்று கேட்கலாம். நட்சத்திரத்தை உட்கார வைக்கும் துணிச்சல் கிரேசனுடையது, மறுக்க முடியாது. ஆனால் அந்த முடிவு இரண்டு மாதம் தாக்குப்பிடித்ததற்கு, யாருக்கு எதிராக எடுக்கப்பட்டதோ அவருடைய சம்மதமும் காரணம். சிவசக்திக்கு அடுத்த பருவத்தில் அந்த அளவு கோல் வரவில்லையே, அப்படியானால் மூத்தவரின் தாக்கம் எங்கே என்பது இன்னும் கூர்மையான கேள்வி. மூத்த வீரரால் இளையவரின் காலுக்குக் கோலை வாங்கித் தர முடியாது. காயமும் ஃபார்மும் அவர் கையில் இல்லை. அவர் தரக்கூடியது வளர்வதற்கு ஏற்ற சூழல். அந்தச் சூழலில் வளர்வது இளையவரின் வேலை.

எல்லாவற்றையும் விடக் கனமான குற்றச்சாட்டு ஒன்று உண்டு: சேத்ரி பெரிய நிழலாக நின்றதால்தான் அடுத்த ஸ்ட்ரைக்கர் முளைக்கவில்லை என்பது. கேட்பதற்கு நியாயமாக இருக்கிறது, ஆனால் ஐ.எஸ்.எல். விதிகளைப் பார்த்தால் காரணம் வேறிடத்தில் இருப்பது தெரியும். 2014-ல் தொடங்கியபோது ஓர் அணி ஒரே நேரத்தில் ஆறு வெளிநாட்டு வீரர்களைக் களத்தில் வைத்திருக்கலாம். பிறகு ஐந்து ஆனது. நான்காகக் குறைந்தது 2021-22-ல்தான். கோல் அடிக்கும் இடத்துக்கு எல்லா அணிகளும் வெளிநாட்டவரையே வாங்கின. சேத்ரியே அதற்கு விலக்கல்ல. 2017-18-ல் பெங்களூரின் மையத்தில் வெனிசுவேலாவின் மிக்கு ஆடினார், சேத்ரி இடது ஓரத்துக்குப் போனார். அங்கிருந்து அவர் 14 கோல் அடித்தார், மிக்கு 15. நாட்டின் கேப்டனுக்கே கிடைக்காத நடு இடம் பத்தொன்பது வயதுப் பையனுக்கு எப்படிக் கிடைக்கும்? 2024-25 பருவத்தில், நாற்பது வயதில், அவர் 14 கோல் அடித்தார். அவரை விட அதிகம் அடித்த இந்தியர் எவரும் இல்லை. அடுத்த ஸ்ட்ரைக்கர் முளைக்காததற்கு அவரைக் குறை சொல்வது, ஏரியைத் தூர் வாராமல் விட்டுவிட்டுக் கடைசிவரை நீர் தந்த கிணற்றைத் திட்டுவதற்குச் சமம்.

ஒன்றில் மட்டும் எனக்கு உடன்பாடில்லை. 2025 மார்ச்சில் ஓய்விலிருந்து அவரைத் தேசிய அணிக்குத் திரும்ப அழைத்திருக்கக் கூடாது. ஷில்லாங்கில் மாலத்தீவுக்கு எதிராகத் தலையால் ஒரு கோல் அடித்தார், அது அவருடைய 95-வது. ஆனால் ஆறு நாள் கழித்து வங்கதேசத்துடன் கோலில்லாத சமன். அக்டோபரில் கோவாவில் சிங்கப்பூரிடம் 1-2 தோல்வி. 2027 ஆசியக் கோப்பை கைநழுவிப் போனது. பெங்களூரில் பெஞ்சில் அமர்ந்து அவர் சொல்லித்தந்த பாடத்துக்கு இந்த அழைப்பு எதிராக இருந்தது. அழைக்கப்பட்டவர் நாட்டுக்காக வந்தார், அதில் பிழை காண மாட்டேன். அழைத்தவர்கள் பதில் சொல்ல வேண்டும். டிரெஸ்ஸிங் ரூமுக்குள் வந்துவிட்டவர்களை மட்டும்தான் ஒரு மூத்த வீரரால் உயர்த்த முடியும். இன்னும் உள்ளே வராதவர்களை உருவாக்க வேண்டியவை கிளப்புகளும் அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பும்.

கிளப் உரிமையாளர்களும் கூட்டமைப்பும் முதலில் செய்ய வேண்டியது ஒன்றுதான்: ஒவ்வொரு அணியின் முன்களத்திலும் ஓர் இந்திய இளைஞனை, இரண்டு தோல்விக்குப் பிறகும் மாற்றாமல், பருவம் முழுக்க ஆட விடுங்கள்.