அட்டவணைக்குள் நகரும் ஒலி

1981-இல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் வுல்ஃப்காங் பால்ம் தன் பிபிஜி நிறுவனத்தில் உருவாக்கிய ‘வேவ் 2’, 1985-இல் ஜப்பானின் கோர்க் நிறுவனம் வெளியிட்ட டிடபிள்யூ-8000 ஆகிய இரண்டு சிந்தசைசர்களையும் உள்ளே திறந்து பார்த்தால் ஒரே குடும்பம்போலத் தெரியும். இரண்டிலும் ஒலியைப் பிறப்பிப்பது டிஜிட்டல் ஆசிலேட்டர். அதைச் செதுக்குவது அனலாக் ஃபில்டர். ஒரே ஒரு சுற்று அலையை எண்களாக நினைவகத்தில் வைத்து, அதைத் திரும்பத் திரும்பப் படித்தே இரண்டும் ஒலிக்கின்றன. ஆனால் வேவ்டேபிள், அதாவது அலை அட்டவணை, என்ற பெயருக்கு உரியது பால்மின் கருவிதான்.

கோர்க்கில் 16 அலைகள் உண்டு. ஒன்றைத் தேர்ந்து சுரத்தை அழுத்தினால், அது அடங்கும்வரை ஆசிலேட்டர் அதே அலையைத்தான் படிக்கும். பால்மின் அட்டவணையிலோ 64 அலைகள் வரிசையாக நிற்கும். விரல் கட்டையில் இருக்கும்போதே ஆசிலேட்டர் ஓர் அலையிலிருந்து அடுத்ததற்குப் போகும், திரும்பி வரும், நடுவில் நிற்கும். அலைக்குள் எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறது என்பது சுருதியை முடிவு செய்கிறது. அட்டவணையில் எந்த இடத்தில் நிற்கிறது என்பது ஒலியின் நிறத்தை. இவ்விரண்டும் ஒன்றையொன்று கட்டுப்படுத்தாததுதான் இந்த முறையின் உயிர். எளிய சாம்ப்ளரில் அந்தச் சுதந்திரம் இல்லை: சுருதியை உயர்த்தினால் பதிவு செய்த ஒலி முழுவதுமே விரைந்து முடிந்துவிடும்.

நினைவகம் விலை உயர்ந்திருந்த காலம் அது. பால்ம் சில முக்கிய அலைகளை மட்டும் சேமித்து, இடைப்பட்டவற்றைக் கணக்கிட்டு நிரப்பினார். ஒவ்வொரு அலையிலும் பாதியை மட்டும் வைத்து, மறுபாதியைக் கவிழ்த்த பிம்பமாக உருவாக்கினார். அபாரமான சிக்கனம்!

1983-இல் வந்த யமஹா டிஎக்ஸ்7 சிந்தசைசரிலும் ஒலியின் நிறம் நகரும், ஆனால் வழி வேறு. அங்கே ஆறு சைன் அலைகள் ஒன்றையொன்று அதிரவைக்கின்றன. ஒரு மதிப்பைக் கூட்டினால் பல மேற்சுரங்கள் சேர்ந்தே ஏறி இறங்கும். அவற்றில் ஒன்றை மட்டும் தனியே பிடித்து உயர்த்த முடியாது. அட்டவணையிலோ அடுத்தடுத்து வரும் அலைகளுக்கிடையே எந்த உறவும் இருக்க வேண்டியதில்லை. மனிதக் குரலின் உயிரெழுத்தை அடுத்து மணியோசையை வைக்கலாம்.

2014-இல் வந்த சீரம் என்ற சிந்தசைசர் மென்பொருள் ஓர் அட்டவணையில் 256 அலைகள் வரை ஏற்கும். ஒவ்வொன்றிலும் 2048 எண்கள். அலைகளுக்கிடையே வழுக்கிச் செல்லவும் அதனால் முடியும். வேவ் 2 அப்படி வழுக்குவதில்லை, படிக்குப் படி தாவும். மெதுவாக நகர்த்தினால் அந்தத் தாவல்கள் கரகரப்பாகக் காதில் விழும். எனக்கு அந்தக் கரகரப்பு வேண்டும். அதில்தான் அட்டவணையே கேட்கிறது.