உள்ளூராட்சியும் ஊரவர் அறிவும்

ஒழுங்கை முகப்பில் நிற்கும் மின்விளக்கு எரியாதொழிகின்றது. ஊரவர் ஒருவர் கிராம அலுவலரிடஞ் சென்று முறையிடுகின்றார். அவர் பிரதேச செயலகத்துக்குப் போகச் சொல்கின்றார். செயலகத்திலுள்ளோர், அது பிரதேச சபையின் கடமை என்று திருப்பி அனுப்புகின்றனர். சபையின் வாயிலை அவர் அடையும்பொழுது அலுவலக நேரம் முடிந்துவிடுகின்றது. விளக்கும் எரியவில்லை, ஒரு நாட் கூலியும் போயிற்று. இதனை அலுவலர்தம் அசட்டை என்று சொல்லி அமைவது எளிது. ஆயினும், எந்த வேலை எவருடையது என்பதை அந்த ஊரவர் அறிந்திருந்தால் முதல் நாட் காலையிலேயே காரியம் முடிந்திருக்கும் என்பதையும் மறுத்தற்கில்லை.

பிரதேச செயலகம், பிரதேச சபை என்னும் இரண்டு பெயர்களும் ஒரே சொல்லில் தொடங்குகின்றன. பல இடங்களில் இரண்டின் எல்லையும் ஏறத்தாழ ஒன்றே. ஆனால் இரண்டும் வெவ்வேறு வேரிலிருந்து முளைத்தவை. செயலகம் மத்திய அரசாங்கத்தின் கை. மணியகாரர், உடையார், விதானையார் என்று இறங்கி வந்த பழைய நிருவாகத்தின் வழித்தோன்றல் அது. 1963ஆம் ஆண்டில் விதானைமார் பதவி ஒழிக்கப்பட்டுக் கிராம சேவகர் வந்தனர். அவர்களே இன்றைய கிராம அலுவலர். 1992ஆம் ஆண்டின் 58ஆம் இலக்கச் சட்டம் பிரதேச செயலாளர்க்கு அதிகாரங்களை அளித்தது. காணி, பிறப்பு இறப்புச் சான்றிதழ், வாகன வரிப்பத்திரம், சமூக உதவிக் கொடுப்பனவு முதலியவற்றுக்கு நாடவேண்டிய இடம் செயலகமே. அங்கிருப்போர் எவரும் வாக்கினால் வந்தவரல்லர். ஊரவர் அவரை மாற்றவும் இயலாது.

சபையின் வழி வேறு. 1871ஆம் ஆண்டின் கிராமச் சமுதாயக் கட்டளைச் சட்டம் ஊரவர் கூடித் தம் பொதுக்காரியங்களை நடத்தும் வழக்கத்துக்குச் சட்டவடிவு கொடுத்தது. தொடக்கத்தில் அரசாங்க அலுவலரே அக்குழுக்களுக்குத் தலைமை தாங்கினர். பின்னர் ஊரவர் தலைவரையுந் தாமே தெரிந்துகொண்டனர். நகரங்களுக்கு வேறு சபைகள் அமைந்தன. யாழ்ப்பாணம் 1949ஆம் ஆண்டில் மாநகர சபையாயிற்று. 1959இல் திறக்கப்பெற்று 1981இல் எரியுண்ட யாழ்ப்பாணப் பொது நூலகம் அம்மாநகர சபையின் உடைமை என்பதை இன்று பலர் நினைவிற் கொள்வதில்லை. நூலகம் நடத்துவதும் உள்ளூராட்சியின் தொழில்களுள் ஒன்றே.

ஐந்நூறுக்கு மேற்பட்ட கிராம சபைகளும் எண்பதுக்கு மேற்பட்ட பட்டின சபைகளும் 1980ஆம் ஆண்டின் மாவட்ட அபிவிருத்திச் சபைச் சட்டத்தின் விளைவாக மறைந்தன. அருகிலிருந்த சபை மாவட்டத் தலைநகருக்கு அகன்றுபோயிற்று. அந்த ஏற்பாடு நிலைக்கவில்லை. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தின்படி பிரதேச சபைகள் 1988 ஜனவரியில் உருவாயின. வடபகுதியிலோ போர்ச்சூழலால் மக்கள் தெரிந்த உறுப்பினர் அவற்றில் அமர்ந்த காலம் மிகக் குறைவு. 1998இலும் 2011இலும் 2018இலும் தேர்தல்கள் நடந்தன. இடையிடையே நெடுங்காலம் அலுவலரே சபைகளை நடத்தினர். 2023 மார்ச்சில் நடக்கவேண்டிய தேர்தலும் தள்ளிப்போய், 2025 மே 6இலேயே நாடெங்கும் நடைபெற்றது. அத்தாமதம் மக்களின் அடிப்படை உரிமையை மீறிற்று என்று உயர் நீதிமன்றம் 2024இல் தீர்ப்பளித்தது. இந்நிலையிற் சபையை ஓர் அரசாங்கக் கந்தோராகவே ஊரவர் கண்டு பழகியதில் வியப்பில்லை. தாம் தெரிந்தெடுத்த மன்றம் அது என்னும் எண்ணம் வேரூன்ற அவகாசமே கிடைக்கவில்லை.

சட்டம் பிரதேச சபைக்கு வகுத்த கடமைகள் பொதுச் சுகாதாரம், பொதுப் பயன்பாட்டுச் சேவைகள், பொதுவீதிகள் ஆகியவற்றைச் சார்ந்தவை. குப்பை அகற்றல், கழிவுநீர்க் கான், சந்தை, மயானம், வீதிவிளக்கு, நூலகம், விளையாட்டிடம், கட்டட அனுமதி என்பன இவற்றுள் அடங்கும். வீதிகள் எல்லாம் சபைக்கு உரியன அல்ல. ஏ, பி என்று தரமிடப்பட்டவை வீதி அபிவிருத்தி அதிகாரசபையைச் சேர்ந்தவை. சி, டி தரத்தன மாகாணத்தைச் சேர்ந்தவை. எஞ்சிய உள்வீதிகளும் ஒழுங்கைகளுமே சபையின் பங்கு. ஏ9 வீதியில் விழுந்த குழிக்காகத் தவிசாளரை நிந்திப்பதனாற் பயனில்லை.

இனி, பணம். சபைக்கு நேரே வருவது சோலைவரி. ஆண்டு வரி முழுவதையும் ஜனவரி 31க்குள் செலுத்துவோர்க்கு நூற்றுக்குப் பத்துக் கழிவு உண்டு. காலாண்டு வரியை அக்காலாண்டின் முதல் மாதத்துள் செலுத்துவோர்க்கு ஐந்து. இக்கழிவை அறியாது ஆண்டிறுதியில் முழுத்தொகையுஞ் செலுத்துவோர் பலர். சந்தை வாடகையும் அனுமதிக் கட்டணங்களும் வேறு. காணி கைமாறும்பொழுது கட்டும் முத்திரை வரியும் நீதிமன்றங்களில் அறவிடப்படுந் தண்டப்பணமும் மாகாண சபையின் வழியாக அந்தந்தச் சபைக்கே வந்து சேர்தல் வேண்டும். ஊழியர் சம்பளத்தின் பெரும்பகுதி அரசாங்கத்திடமிருந்து கிடைப்பது. ஆதலின், ஊருக்குப் புதிதாக ஒன்று செய்யச் சபையின் கையில் எஞ்சுவது சிறுதொகையே. அச்சிறுதொகை எங்கே செல்கின்றது என்பதே ஊரவர் முதலிற் கேட்கவேண்டிய கேள்வி.

அதற்கு விடை தருவது பாதீடு எனப்படும் வரவுசெலவுத் திட்டம். அடுத்த ஆண்டில் எவ்வொழுங்கைக்குக் கல்லும் தாரும் போடப்படும், எக்கான் திருத்தப்படும் என்பதெல்லாம் இவ்வாண்டின் இறுதி மாதங்களிலேயே முடிவாகிவிடுகின்றன. அதனை அறியாதார் மார்கழியில் மௌனமாயிருந்து, மாசியில் மனு எழுதுகின்றனர். அப்பொழுது பணம் ஏற்கெனவே பங்கிடப்பட்டாயிற்று. வரைவு சபையில் முன்வைக்கப்படுமுன் மக்கள் பார்வைக்கு வைக்கப்படுகின்றது என்னும் அறிவித்தலைப் பத்திரிகைகளிற் காணலாம். காண்போர் பலர், சென்று பார்ப்போர் சிலர். பாதீடு வெறுங் கணக்கன்று என்பதற்கு யாழ்ப்பாண மாநகர சபையே சான்று. 2020 டிசம்பரில் அதன் பாதீடு இருமுறை தோல்வியுற்றமையால் மேயர் பதவியிழந்தார். வெளியிலிருந்தோர் அதனைக் கட்சிப் பூசலாகவே கண்டனர். எந்த வேலைக்கு எத்துணைப் பணம் என்னுங் கேள்வி அந்த ஆரவாரத்தில் அமிழ்ந்துபோயிற்று.

உறுப்பினரை அணுகுவதிலும் ஒரு மாற்றம் நேர்ந்துள்ளது. முன்னைய விகிதாசாரத் தேர்தல்களில் உறுப்பினர் சபையின் முழு எல்லைக்கும் பொதுவானவர்; இன்னார் நம்மவர் என்று சுட்டிக் கேட்க இயலாது. 2018 முதல் உறுப்பினருள் நூற்றுக்கு அறுபதின்மர் வட்டாரந்தோறுந் தெரியப்படுகின்றனர். ஏனையோர் பட்டியலிலிருந்து வருகின்றனர். பெண்கள் நாலிலொரு பங்கினராதல் வேண்டும் என்பதும் சட்டம். ஆகவே ஒவ்வோர் ஒழுங்கைக்கும் விடைசொல்லக் கடமைப்பட்ட ஒருவர் இன்று இருக்கின்றார். மேலும், உறுப்பினரல்லாத ஊரவரையுஞ் சேர்த்துக் குழுக்கள் அமைக்கப் பிரதேச சபைச் சட்டம் இடந்தருகின்றது. ஓய்வுபெற்ற பொறியியலாளரும் கணக்காளரும் ஆசிரியரும் நிறைந்த யாழ்ப்பாணக் கிராமங்களில் இவ்வாய்ப்பு மிகுதியும் பயன்படாது கிடப்பது விந்தையே.

கேட்டும் விடை வராதவிடத்து 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம் துணையாகும். அச்சட்டம் உள்ளூராட்சிச் சபைகளையும் வெளிப்படையாகவே தன்னுள் அடக்குகின்றது. விண்ணப்பித்தவர் ஏன் கேட்கின்றார் என்று காரணஞ் சொல்லவேண்டியதில்லை. தகவல் அலுவலர் 14 வேலை நாள்களுள் தம் முடிவை அறிவித்தல் வேண்டும். மறுத்தால் மேன்முறையீடு உண்டு. குடியியற் பாடத்தில் உள்ளூராட்சியைப் படிக்கும் மாணவர், தம் சபையின் இவ்வாண்டுப் பாதீட்டின் பிரதியொன்றை இம்முறையிற் பெற்று, தம் வட்டாரத்தின் பெயர் எத்தனை வரிகளில் வருகின்றது என்று வகுப்பறையில் எண்ணிப் பார்க்கலாம். ஆசிரியர் ஒருவரின் கையொப்பத்துடன் ஒரு தாளில் எழுதிய கடிதமே அதற்குப் போதும்.