கோப்பின் முதல் வரி

கணனியில் ‘ஸ்கிரிப்ட்’ என வழங்கும் சிறு நிரலை இயக்குங்கால், பைதன் போன்ற செயலியின் பெயரை முன்னும் கோப்பின் பெயரைப் பின்னுமாகக் கட்டளை வரியில் இடுவோரே பலர். கோப்பின் பெயரை மாத்திரம் இட்டு அதனை இயங்கச் செய்தல் எங்ஙனம் என்பதை இங்கே கூறப் புகுகின்றோம்.

யூனிக்ஸ், லினக்ஸ் ஆகிய பணிசெயல் முறைமைகளில் இதற்கு வேண்டுவன இரண்டு. கோப்புக்கு இயங்கும் உரிமை அளித்தல் ஒன்று; உடையவர் திருத்தவும் யாவரும் வாசிக்கவும் இயக்கவும் இடந்தரும் இலக்கம் 755. மற்றையது முதல் வரி. அது #! என்னும் இரு குறிகளோடு தொடங்கி, நிரலை வாசித்து இயக்கவேண்டிய செயலி உறையும் இடத்தைச் சுட்டும். முறைமையின் கருப்பகுதி முதலிரு பைற்றுகளை நோக்கும்; அவை 35, 33 எனின், அங்கே கண்ட செயலியை அழைத்துக் கோப்பை அதனிடம் ஒப்படைக்கும். பைதன் முதலிய மொழிகள் # இட்ட வரியைக் குறிப்புரையெனக் கொள்ளுதலால் நிரலுக்கு ஊறில்லை. இவ்வேற்பாட்டை 1980ஆம் ஆண்டிலே பெல் ஆய்வுகூடத்து டெனிஸ் றிச்சி கருப்பகுதியிற் சேர்த்தார். அதற்கு முன்னர், கருப்பகுதி ஏற்க மறுத்த கோப்பை ‘ஷெல்’ தன் மொழியில் அமைந்ததெனக் கருதித் தானே வாசித்து வந்தது. பிறமொழி நிரல்களுக்கு அவ்வழி உதவவில்லை.

எளிதென எண்ணி யாமும் இடர்ப்பட்டோம். பழைய மாணவர் பதிவேட்டை அகரவரிசைப்படுத்த விண்டோஸ் கணனியில் ஒரு நிரலெழுதி, லினக்ஸ் கணனிக்கு மாற்றி இயக்கினோம். ‘அத்தகைய கோப்பு இல்லை’ என விடை வந்தது. கோப்போ கண்முன்னே கிடந்தது! அச்சகத்தார் காத்திருக்க, ஓரிரவு கழிந்தது. பின்னரே உண்மை புலனாயிற்று. விண்டோஸ் வரிமுடிவில் 13, 10 என்னும் இரு பைற்றுகளை இடும். லினக்ஸுக்கு 10 மாத்திரமே முடிவு. எஞ்சிய 13 செயலியின் பெயரோடு ஒட்டிக்கொண்டது. அப்பெயரில் யாதொரு செயலியும் இல்லை. விடையின் தொடக்கத்தில் அது காட்டப்பட்டே இருந்தது. யாம் இறுதியை மாத்திரம் வாசித்தோம்.

தமிழெழுத்துக்களை யூனிக்கோட்டிற் சேமிக்கையில், சில தொகுப்பான்கள் கோப்பின் தலையிலே கண்ணுக்குப் புலப்படாத மூன்று பைற்றுகளை இடுவதுமுண்டு. #! அப்பொழுது முதலிடம் இழக்கும். ஷெல் பைதன் நிரலைத் தன் மொழியாக வாசித்துப் பொருந்தாப் பிழைகளை அடுக்கும்.

நாம் நிற்கும் அடைவிலேயே கோப்பு இருப்பினும் பெயரின் முன் ./ இடல் வேண்டும். ஷெல் குறித்த சில அடைவுகளில் மாத்திரமே தேடும். பொது அடைவொன்றில் வழக்கமான கட்டளையின் பெயரால் எவரேனும் தீய நிரலை இட்டுவைப்பின், அறியாது அதனை இயக்கிவிடாமற் காப்பது இவ்வேற்பாடே.